இழுத்துப் போடச் சொன்ன பக்கம்

"ஐயோ, அறிவிப்பு இன்னும் அடியிலேயேதான் கிடக்குது!" என்று பதறினான் குரல்.

கண் தெரியாத மேகலைக்குக் கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிறவன், கணினிக்குள்ளேயே இருக்கும் இந்தக் குரல்தான். ரத்ததான முகாமின் இடம் மாறிவிட்டது. அந்த அறிவிப்பை அவள் இணையதளத்தின் உச்சிக்கு ஏற்றாவிட்டால், நாளைக்கு வருகிறவர்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் பழைய மண்டபத்து வாசலில்தான் நிற்பார்கள்.

அவளும் டேப், அம்பு, என்டர் என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டாள். கீபோர்டுக்கு மூச்சு வாங்கியது.

"யோவ் பக்கம், எந்த விசையை அமுக்கினா இது மேலே ஏறும்? அதையாவது சொல்லித் தொலை!" என்று கேட்டான் குரல்.

தளத்தின் அறிவிப்புகளை வரிசைப்படுத்தும் நிர்வாகப் பக்கம் சிரித்தது. "விசையா? மவுஸால பிடிச்சு இழுத்து மேலே போடு. சின்னக் குழந்தைகூடச் செய்யும்."

"மவுஸ் அம்பு எங்கே நிக்குதுன்னே அவங்களுக்குத் தெரியாதேய்யா!" என்றான் குரல்.

"அப்படிப்பட்டவங்க நிர்வாகம் பண்ண வருவாங்கன்னு என்கிட்ட யாரும் சொல்லலையே."

குரல் பக்கத்தை உற்றுப் பார்த்தான். கிண்டல்கூட இல்லை, அது நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறது!

அதற்குள் மேகலை 'சேமி'யை அமுக்கிவிட்டாள். ஒரு அறிவிப்புப் பெட்டிகூட நகரவில்லை. ஆனாலும் பக்கம் பச்சை நிறத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு குரலுக்கு உத்தரவு போட்டது: "'வரிசை வெற்றிகரமாக மாற்றப்பட்டது'ன்னு அவங்ககிட்டச் சொல்லு."

மேகலை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். குரல் அந்தப் பழைய வரிசையையே மேலிருந்து கீழே சத்தமாக வாசித்தான். முகாம் அறிவிப்பு கடைசியில்தான் வந்தது. பக்கம் சொல்லச் சொன்னதை மட்டும் அவன் சொல்லவே இல்லை.