கூடுதலாய் இரண்டு அடுக்கு

“உன் கணக்குலதாம்மா தப்பு. ஒத்துக்கோ” என்றார் முதலாளி எத்திராஜ்.

“என் கணக்கு தப்பாது சார்” என்றாள் இன்ஜினியர் சபீனா, முக்காட்டைச் சரிசெய்தபடி. பூந்தமல்லிப் பெண். பேச்சில் தயக்கம் என்பதே கிடையாது.

திருமழிசை தொழிற்பேட்டையில் சென்சார் சில்லு செய்யும் சின்ன கம்பெனி அது. ஆயுதபூஜை லீவு முடிந்து செய்த முதல் பேட்ச் முழுக்க ஃபெயில். நாளைக்கு அதை வாங்க ஆள் வருகிறது.

“தப்பு யாருதோ, அவங்க சீட்டு இன்னிக்கே கிழியும். காந்தம் ஏன் மாத்தி நிக்குது, சொல்லு.”

“ரெண்டு காந்தப் படலத்துக்கு நடுவுல நாலே அடுக்கு ருத்தேனியம்ங்கிற உலோக அணு போடறோம். அப்ப ஒண்ணு பூந்தமல்லி பாத்து நின்னா, இன்னொண்ணு ஸ்ரீபெரும்புதூர் பாத்து நிக்கும். ரெண்டு அடுக்கு கூடுனா போதும், ரெண்டுமே பூந்தமல்லிக்குத் திரும்பிடும். இப்ப திரும்பியிருக்கு. கணக்கு சரி சார், அளக்கிற கண்ணுதான் ஏமாந்திருக்கு.”

சொன்ன கையோடு இயந்திரத்தின் மூடியைத் தூக்கினாள். அடுக்கின் தடிமனை அளக்கும் பொத்தான் அளவு வில்லையைக் கழற்றி, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். அதன்மேல் சிவப்பாக ஏதோ தூள்.

“குங்குமம்! பாத்தீங்களா? இது மேல தூள் விழுந்தா அளவு கம்மியாத்தான் காட்டும். பத்தலைன்னு மெஷின் மேல மேல போட்டுக்கிட்டே இருக்கும்.”

எத்திராஜ் விருட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தது ஆபரேட்டர் வேம்புலிதான்.

“யோவ் வேம்புலி! இந்த ரூம் பக்கமே வராதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லியா? கெளம்புய்யா, வேற வேல பாத்துக்கோ!”

வேம்புலி வாசலுக்கு ஓடி வந்தார். “இன்னா சார் இப்டி சொல்றீங்கோ? லேத்துக்கு வெச்சேன், கம்ப்ரசருக்கு வெச்சேன், உங்க காருக்குக் கூட வெச்சேன். இதுக்கு வெக்கல சார். மேடம் வெரல் வெச்சாத்தான இந்தக் கதவே தொறக்கும்?”

“அப்ப குங்குமம் பறந்தா வந்துது?”

வேம்புலியின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு சபீனா தன் விரலைப் பார்த்தாள்.

“அவரை அனுப்பாதீங்க சார். நான்தான் பொட்டு வச்சேன். மூடிக்கு வெளியதான் வச்சேன், திறக்கறப்ப உள்ள உதிரும்னு தோணல. எல்லா மெஷினும் பொட்டோட சிரிக்குது, என்னுது மட்டும் மூளியா நின்னா மனசு கேக்குமா?”