பதினோரு மணி நேரம்

அந்த வாடிக்கையாளர் விமானம் ஏறும் நாளில் என் கடைக்கு வந்து முடியை ஒட்ட வெட்டிக்கொள்வார். போக எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், பதினோரு மணி நேரம், வரவும் அவ்வளவே. திங்கட்கிழமை போனால் வியாழக்கிழமை திரும்பிவிடுவார்.

சென்ற முறை திரும்பியபோது முடி காதை மூடியிருந்தது. முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். முப்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன், எனக்கா தெரியாது?

"வழியில எங்கயாவது தங்கினீங்களா சார்?"

"இல்லையே. ஏறி உட்கார்ந்ததும் தூங்கிட்டேன். எழுப்பித்தான் இறக்கினாங்க."

வாடிக்கையாளரைக் குடைவது தொழிலுக்கு ஆகாது. கத்தரியை எடுத்தேன்.

இந்தத் திங்கட்கிழமை ஏழு வயது மகளையும் கூட்டி வந்தார். அவளும் போகிறாளாம். கழுத்தளவு வெட்டி, மேசையிலிருந்த சிவப்பு கிளிப்பைக் குத்திவிட்டேன். போகாதே என்று நாக்கு நுனிவரை வந்தது. "பத்திரமா போயிட்டு வா கண்ணு" என்றேன்.

வியாழக்கிழமை வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "ரெண்டு பேருக்கும் வெட்டிடுங்கண்ணே" என்றார், எப்போதும்போல.

பின்னால் அவர் தோளுயரத்துக்கு ஒரு பெண். முடி முழங்காலைத் தொட்டது. அதில் அந்தக் கிளிப் வெளுத்துப்போய்த் தொங்கியது. என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, நீங்க இன்னும் இருக்கீங்களா?"