கழற்றிய கீசர்

"கீசர் ஒயரைக் கழட்டிட்டீங்களா?"

குளியலறை வாசலில் நின்று ஷர்மிளா கேட்டாள். உள்ளே அவள் கணவர் சண்முகராஜ், ஸ்குரூ டிரைவரைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சுவிட்சைப் போடாதீங்கன்னு சொன்னா யாரு கேக்குறீங்க? நேத்துக்கூட உன் மக போட்டுட்டா."

"கொடைக்கானல் குளிருக்கு வேற என்னங்க செய்யிறது? ரூம் ஹீட்டரை வித்தாச்சு. இண்டக்‌ஷன் அடுப்பைப் பரண்ல போட்டாச்சு. இப்ப இதுவுமா?"

"கரண்டை இழுக்கிறதே இந்த மூணும்தான். இதுக நின்னாத்தான் பில் கொறையும். வெந்நி வேணும்னா கேஸ்ல வச்சுக்கங்க."

அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு செண்பகனூரில் இருக்கும் தன் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஷர்மிளாவுக்கு மனம் ஆறவில்லை. முன்பெல்லாம் இப்படிக் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. மாமனார் கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததிலிருந்து, அடுத்த பாதியில் இருக்கும் அண்ணன் குமாரவேலோடு அவருக்குப் பேச்சு இல்லை. போன மாதம் அண்ணனை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் போய்ப் பார்க்கவில்லை. அவர் போகாதபோது தான் எந்த முகத்தோடு போவது என்று அவளும் இருந்துவிட்டாள்.

"அம்மா, கேஸ் தீந்துபோச்சு," என்றாள் மகள் தாரணி. அன்று அவளுக்குக் கல்லூரியில் தேர்வு. பச்சைத் தண்ணீரில் விட்ட கையை உதறிக்கொண்டு, உதடு நடுங்க நின்றாள்.

ஷர்மிளா வேறு வழியின்றி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். குமாரவேலின் மனைவி சுமதி கதவைத் திறந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெந்நி வேணும். அந்த மனுசன் வீட்டுல ஒண்ணையும் போட விடமாட்டேங்குறாரு. புள்ள நடுங்குறதப் பாத்தும் மனசு எரங்கல. இப்படி ஒரு கருமி ஆவாருன்னு நான் நெனைக்கலக்கா."

சுமதி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

கட்டிலில் குமாரவேல் கண்மூடிக் கிடந்தார். மூக்கில் குழாய். தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்த புதுசுல இது அடிக்கடி நின்னுரும் ஷர்மிளா. ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைன். அந்தப் பக்கம் கீசரோ ஹீட்டரோ போட்டா இங்க வோல்டேஜ் எறங்கிரும். இவுகளுக்கு மூச்சு இழுக்கும். உங்கிட்ட சொல்றேன்னா, 'அவன் வீட்டுல போயி கேக்காத'ன்னு தடுத்துட்டாக. இப்ப கொஞ்ச நாளா நிக்காம ஓடுது. நேத்து மட்டும் ஒரு தரம் நின்னுச்சு."

ஷர்மிளா குடத்தைக் கீழே வைத்தாள்.

கணவரின் காதில் விழாதபடி சுமதி குரலைத் தாழ்த்தினாள்.

"இது எப்படிச் சரியாச்சு, என்ன செஞ்சீங்கன்னு கரண்ட் ஆபீஸ் லைன்மேன்கிட்ட கேட்டேன். 'நான் ஒண்ணும் செய்யலம்மா. மெஷின் ஏன் நின்னு நின்னு போகுதுன்னு உங்க கொழுந்தனாருதான் என்னத் தேடி வந்து கேட்டாரு. அவரு வீட்டு கீசர், ஹீட்டராலதான்னு சொன்னேன். எங்க வீட்டுல யாராவது கேட்டா, கரண்ட் பில் கொறைக்கன்னு சொல்லிக்கிறேன்னாரு' அப்படின்னாரு."