நன்றிக்குப் பஞ்சமில்லை

கம்பாலாவில், கொரோனா வார்டை ஒட்டிய நர்சுகள் அறைக்குள் மத்தியான வெயில் காய்கிறது. ஒருமுறை போட்டுவிட்டு எறிய வேண்டிய கையுறைகளைக் கழுவி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். விரல்நுனிகளில் நீர் சொட்டுகிறது. கணினித் திரையில் வெளிநாட்டுப் பயிற்சியாளர் சிரிக்கிறார். "மனசு உடையாம இருக்க நன்றியுணர்வுதான் மருந்து. எங்கே, யாருக்காவது நன்றி சொல்லுங்க பார்ப்போம்." துப்புரவுக்காரர் வாளியோடு உள்ளே வருகிறார். "வேலை செஞ்சீங்களே ஐயா, நன்றி" என்கிறார்கள் எல்லோரும், வழக்கம்போல. பயிற்சியாளர் கைதட்டுகிறார். "அருமை. அதுக்குள்ள கத்துக்கிட்டீங்களே."

நர்ஸ் நன்தேசா திரையருகே குனிகிறாள்.

"இது எங்க ஊர் வணக்கம்மா. தெருவுல போற யாருக்கும் சொல்லுவோம். நன்றி எங்ககிட்ட கொட்டிக் கிடக்கு. நீங்க கையுறை அனுப்புங்க. அதுக்கும் சேர்த்துச் சொல்றோம்."