தலைப்பு மட்டும் போதாதா?

"ஒப்பந்தத்துல அந்த ஒரு வரியைச் சேர்த்தா கையெழுத்துப் போடறேன். இல்லன்னா உங்க ஜர்னல் அத்தனையும் நிறுத்திடறோம். இதை எத்தனை தடவை சார் சொல்றது?"

நூலகர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே, பதிப்பகத்திலிருந்து புதிதாக வந்திருந்த விற்பனைப் பிரதிநிதி ஆறிப்போன காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இதே பேச்சு. இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"மேடம், உங்க தேடல் பெட்டிக்குக் கட்டுரைத் தலைப்பு எல்லாம் குடுத்துட்டுதானே இருக்கோம்? தலைப்பு மட்டும் போதாதா?"

"வாசல்ல கதவு நம்பரை மட்டும் ஒட்டிட்டு, உள்ள யார் இருக்காங்கன்னு நீயே கண்டுபிடின்னா எப்படி? கட்டுரையை முழுசாக் குடுக்கறோம்னுதான் அந்த ஒரு வரி. படிக்க இல்ல சார், தேட மட்டும். பிள்ளைங்க ஒரு வார்த்தை அடிச்சா, அது எந்தக் கட்டுரைக்குள்ள ஒளிஞ்சிருந்தாலும் வந்து நிக்கணும். படிக்கறதுக்கு உங்க தளத்துக்கே வரட்டும், யாரு வேண்டாங்கறா?"

"முழுசாக் குடுத்தா, உங்க தேடல் பெட்டியை நடத்தற கம்பெனிக்காரன் நாளைக்கே அதை வெச்சுத் தனிக்கடை போட்டுடுவான்னு எங்க மேனேஜர் பயப்படறாரு."

"அவரு பயந்துட்டே இருக்கட்டும். இங்க உங்க ஜர்னலைத் திறந்து பாக்கவே ஆள் இல்ல. ஆளே போகாத கடைக்கு எதுக்கு வாடகைன்னு எங்க டைரக்டர் என்னைக் குடையறாரு."

பிரதிநிதி சிரிக்கத்தான் முயன்றார். கொட்டாவிதான் வந்தது.

"இந்த நூலகம் கைவிட்டுப் போச்சுன்னா ஆபீஸ் பக்கமே வராதேன்னு எங்க மேனேஜர் சொல்லிட்டாரு மேடம். வரியையும் சேர்க்கக் கூடாதாம். நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறது?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு கட்டுரைல சரக்கு இருந்தா யாராவது தேடி வந்து படிப்பாங்க. யாருமே படிக்கலைன்னா அதுல சரக்கு இல்லன்னு அர்த்தம். அனுபவத்துல சொல்றேன்."

"என்ன அனுபவம்?"

"அதை விடுங்க. பழைய கதை."

நூலகர் கதவுப் பக்கம் திரும்பினார். "உள்ள வாம்மா."

மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார்கிட்ட நீயே சொல்லு."

"தண்ணிக் குழாய்க்குள்ள பாசி பிடிக்காம இருக்க ஒரு பூச்சு கண்டுபிடிக்கணும் சார், அதான் என் ஆராய்ச்சி. பாசின்னு தேடினேன், குழாய்னு தேடினேன், பூச்சுன்னு தேடினேன். ஒண்ணுமே வரல. உலகத்துலயே நான்தான் முதல் ஆளுன்னு ஆட்டம் போட்டேன். போன வாரம் வேற எதையோ தேடப்போய் உங்க பழைய ஜர்னல் ஒண்ணு கண்ல பட்டுச்சு. நான் ரெண்டு வருஷம் மல்லுக்கட்டினதை எப்பவோ ஒருத்தர் செஞ்சு முடிச்சிட்டாரு! முன்னாடியே கிடைச்சிருந்தா அவரு விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சிருப்பேன்."

"தலைப்பைக் கேளுங்க சார்" என்றார் நூலகர். "'ஒரு பரப்பு குறித்துச் சில குறிப்புகள்'. பாசியும் இல்ல, குழாயும் இல்ல. கல்யாணப் பத்திரிகைல பொண்ணு மாப்பிள்ளை பேரை விட்டுட்டுத் தேதியை மட்டும் அச்சடிச்ச மாதிரி! எந்த மகராசன் வெச்ச தலைப்போ?"

மாணவி சிரித்துவிட்டாள். பிரதிநிதி சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"அது... நல்லா இருக்காம்மா?"

"எது சார்?"

"அந்தக் கட்டுரை."

"நல்லாவா? நான் வழுக்கி விழுந்த எடத்துல எல்லாம் அவரு அலுங்காமத் தாண்டிப் போயிருக்காரு சார்! ஆனா அதோட சரி. அப்புறம் ஒரு வரிகூட எழுதல. மெயில் போட்டேன். அந்த முகவரியே இப்ப இல்லையாம்."

பிரதிநிதி எழுந்து ஜன்னலோரம் போய் செல்போனை எடுத்தார்.

"சார், அந்த வரியைச் சேர்க்கறோம்... பேரம் இல்ல சார், முடிவு... இங்க மட்டும் இல்ல, எல்லா நூலகத்துக்கும் சேர்க்கணும். இல்லன்னா இந்த நூலகமும் போயிடும், நானும் போயிடறேன்."

அந்தப் பக்கத்துக் கத்தல் மேஜைவரை கேட்டது. கடைசியில் அதுவும் களைத்து அடங்கியது.

"திட்டினாரு. அப்புறம் சரின்னுட்டாரு" என்றபடி வந்து உட்கார்ந்தார். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்திட்டு, பெயரையும் தெளிவாக எழுதினார்.

"அப்பாடா!" என்று நூலகர் நாற்காலியில் சாய்ந்தார்.

மாணவி மட்டும் அந்தப் பெயரைப் பார்த்தாள். மடிக்கணினியைத் திறந்து அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் பெயரைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், கடைசிச் சோதனைல மட்டும் பூச்சு உரிஞ்சு வந்துச்சு, காரணத்தை எழுதாமலே விட்டுட்டீங்களே... அது எதனாலன்னு நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?"