புரோலாக்டின் என்றால் என்ன?

“குளியலறைக்குள்ள நின்னு போன்ல டாக்டர்கிட்ட குசுகுசுன்னு என்னடி பேசினே? அது என்ன, புரோலாக்டின்?”

சட்டை தேய்த்துக்கொண்டிருந்த மருமகளின் கை நின்றது. மாமியாருக்கு அது போதாதா? காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்குமாய் நடந்து தரையைத் தேய்த்ததுதான் மிச்சம்.

“ஒரு ஹார்மோன், அத்தை.”

“ஹார்மோன் ஆயிரம் இருக்கும். இதுக்கு என்ன அர்த்தம்?”

“நானும் கேட்டேன். லத்தீன்ல ‘லாக்’னா பாலாம். பால் சுரக்க வைக்கிறதால அந்தப் பேர்.”

“இடுப்புல குழந்தையையே காணோம், அதுக்குள்ள பாலா?”

“பேர்தான் அப்படி. எல்லார் உடம்புலயும் இருக்கும். பேர் வெச்சவர் புறாவைத்தான் ஆராய்ஞ்சாராம். ஆண் புறாகூட குஞ்சுக்குப் பால் ஊட்டுமாம்.”

“ஆம்பளை பால் கொடுக்குதா! யார் காதுல பூ சுத்தறே? சரி, அது கூடினா என்ன ஆகும்?”

மருமகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “குழந்தை தள்ளிப்போகும். மாத்திரையில சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். வெளியில சொல்லிடாதீங்க அத்தை.”

இவளிடம் போய் வெளியில் சொல்லாதே என்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது மாதிரி. ‘என் பிள்ளை தங்கம், வந்தவள்தான் பித்தளை’ என்று வருஷக்கணக்காய் மாடி மாடியாக ஏறி இறங்கிச் சொன்னவள். இன்றைக்கு அதற்கு டாக்டரே சாட்சி!

“உங்கப்பா குறையை மறைச்சு என் தலையில கட்டிட்டார். வந்து கூட்டிட்டுப் போகட்டும்!”

“அத்தை, அவர் வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்...”

“அவனை என்ன கேக்கறது? அவனுக்கு வேற பொண்ணு பார்க்க எனக்குத் தெரியும்.”

சம்பந்தி எண்ணை அழுத்தினாள். கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பால்கனிக்குப் போய் அழுத்தினாள். பொழுது சாய்கிற நேரம், மகன் உள்ளே நுழையும்போதுதான் லைன் கிடைத்தது.

“சம்பந்தி! உங்க பொண்ணுக்குப் புரோலாக்டின் கூடிப்போச்சு. இனி அவளுக்கு இந்த வீட்டுல இடமில்லை!”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, போனில் கேட்கும்படி உரக்கவே மனைவியிடம் சொன்னான்:

“டாக்டர் கொடுத்த புரோலாக்டின் மாத்திரையை எடும்மா. இன்னிக்கு நான் போட்டுக்கணும்.”