யார் வீட்டுக் கழித்தல்?

பள்ளிக்கூடத்து இயந்திர வாத்தியார் ஆண்டுதோறும் ஒரு பிள்ளை சொன்ன கணக்கு வழிக்கு அந்தப் பிள்ளையின் வீட்டுப் பெயரையே சூட்டிவிடும். பிறகு ஜில்லா முழுக்க ஆறாம் வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாடம். இந்த ஆண்டு மேலவீட்டுப் பூங்குழலியின் வழிதான் என்றதும், அவள் பெரியப்பா சிதம்பரநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெயர்சூட்டு விழாவில் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ஐநூத்தி மூணுல எரநூத்தித் தொண்ணூத்தெட்டு போகணும். ரெண்டுலயும் ரெண்டக் கூட்டிட்டா ஐநூத்தி அஞ்சுல முந்நூறு. மிச்சம் எரநூத்தி அஞ்சு!" என்றாள் பூங்குழலி. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"மேலவீட்டுக் கழித்தல் என்று பதியட்டுமா?" என்றது இயந்திரம்.

பூங்குழலி பெரியப்பாவிடம் ஓடி வந்தாள். "இது கீழவீட்டு மாடத்தி சொல்லித் தந்தது, பெரியப்பா. அவங்க பேர எடுத்தாலே ஏசுவியளேன்னுதான் சொல்லல."

அவர் முகம் சிவந்தது. விருட்டென்று எழுந்து இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வீட்டுப் பிள்ள மூளைக்கு நம்ம பேரா? மேலவீட்டுக்கு அந்தக் கேவலம் வேண்டாம்வே! கீழவீட்டுக் கழித்தல்னே போடும்!"

இரண்டு வீட்டையும் பிரித்த வரப்புத் தகராறுக்குப் பிறகு முதல்முறையாக, கடைசி வரிசையிலிருந்து மாடத்தியின் அப்பா அவரை "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டார்.